ஏறாத கொம்பனுக்கு அடித்த நோட்டீஸ்

தேவயானி இதுவரை அடித்த பிளெக்ஸ்களில் பொய் இல்லாத பிளெக்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. இதை அவளே சொல்வாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். அரியர் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் மாப்பிள்ளைக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டிருக்கிறாள். வார்டு தேர்தலில் டெபாசிட் போனவரை ‘நாளைய வரலாறே’ என்று அழைத்திருக்கிறாள். காதுகுத்தில் வீறிட்டு அழுத பிள்ளையின் தலையில் கிரீடம் வைத்திருக்கிறாள். கல்யாண மாப்பிள்ளைக்குப் பின்னால் அவள் நிறுத்திய சிங்கங்களை அவிழ்த்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆடு மாடு மிஞ்சாது.

இதில் எதையும் யாரும் நம்பியதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை. பிளெக்ஸில் நம் ஆட்கள் பார்ப்பதெல்லாம் தன் முகம் இருக்கிறதா, யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, மச்சான் முகத்தைவிடச் சின்னதாக இருக்கிறதா என்பதைத்தான். எழுத்து என்பது முகங்களுக்கு நடுவே மிஞ்சும் இடத்தை நிரப்புவதற்கு.

மார்க்கையன்கோட்டைக்காரி. பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் படித்துவிட்டு, சின்னமனூரில் நாகராஜ் கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் அடிக்கச் சேர்ந்தாள். பிறகு பிளெக்ஸ் மெஷின் வந்தது. அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. மெஷினை மாட்டிவிட்டுப் போனவன் எதை எதை அழுத்தினான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் போன பிறகு ஒவ்வொன்றாக அழுத்தினாள், கெடுத்தாள், கெடுத்ததைச் சரிசெய்தாள். இப்போது ஒரு முகத்தை வெட்டி எடுத்தால் முடியோரத்தில் வெள்ளைக் கோடு தெரியக் கூடாது அவளுக்கு. தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து வெட்டுவாள், வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்தினாலும். கல்யாணம் கட்டி, புருஷன் சுருளிராஜன் காய்கறி லோடு ஏற்றிக் குமுளி மலை ஏறி இறங்கும் வேன்காரனாக அமைந்து, அவள் வாழ்க்கை அந்தக் கணினித் திரைக்கு முன்னாலேயே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்கு ஒரு முறை உண்டு. மேட்டர் யார் கொடுக்கிறாரோ அவர் சொன்னது சொன்னபடி. வேலை முடிந்ததும் புரூஃபை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். அவர் ‘ஓகே’ போட்டால்தான் மெஷின் ஓடும். அதற்குப் பிறகு எது தப்பாக இருந்தாலும் கடை பொறுப்பில்லை. தேவயானி இந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை. மீறாமல் இருந்ததுதான் இந்த வருடம் அவள் அண்ணன் மகளின் தலையில் வந்து விடிந்தது.

அண்ணன் மகள் அனுசுயா ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ரோபோ செய்கிற அணி ஒன்று உண்டு. அதில் ரிமோட்டைப் பிடித்து ஓட்டுவது அவள். ரோபோவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கொம்பன். கொம்பன் என்று பெயரெடுத்த காட்டு யானை ஒன்று மலையிறங்கிக் கம்பத்துக்குள் புகுந்துவிட்டுப் போனதிலிருந்து ஊரில் புல்லட், நாய், கபடி டீம் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். இந்தக் கொம்பனுக்கு முன்னால் இரண்டு கை, நடுவில் சைக்கிள் டியூப் சுற்றிய உருளை. தரையில் கிடக்கும் ரப்பர் பந்தை உருளை சுருட்டி எடுக்கும், கூடையில் கொண்டுபோய்ப் போடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதை மட்டும் அலுக்காமல் செய்யும்.

போட்டி எப்படி நடக்கும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுசுயா தட்டில் இட்லித் துண்டுகளை வைத்து அத்தைக்குக் காட்டியிருந்தாள்.

“மொத நாளு யாரு கூடச் சேந்து ஆடணும்னு அவுகளே குலுக்கிப் போட்ருவாக. மறுநாளு அப்படி இல்ல. மேல வந்த டீம் எல்லாம் கேப்டன். கேப்டனுக தங்களுக்குத் துணையா வேற டீம நம்பரச் சொல்லிக் கூப்புடுவாக. கூப்புட்டாத்தேன் பைனல்ஸ் ஆடலாம்.”

“கூப்புடலைன்னா?”

“கூப்புடலைன்னா மூட்டையக் கட்டிட்டு வீட்டுக்கு. நாங்க மேல எல்லாம் வர மாட்டோம் அத்தை. நடுவுல எங்கனயாச்சும் நிப்போம். யாராச்சும் கூப்புட்டாத்தேன் உண்டு. நாளைக்குப் பன்னண்டாவதுன்னா இதையெல்லாம் தொட விட மாட்டாக. எனக்கு இந்த வருசந்தேன்.”

“பொண்ணு பாக்குற மாதிரியில்லடி இருக்கு,” என்றாள் தேவயானி.

“அதே மாதிரிதேன். நோட்டீஸ் எல்லாம் குடுப்பாக. பேட்ஜ், ஸ்டிக்கரு, மிட்டாய்கூட வெப்பாக. எங்ககிட்ட ஒண்ணுமில்ல. நீ ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடேன்.”

நான்கு வரியில் எழுதியும் கொடுத்தாள். அணியின் எண், பள்ளியின் பெயர், ஒரு ஆட்டத்தில் கொம்பன் எத்தனை பந்து போடும், தரையில் எந்த மூலையில் கிடந்தாலும் எடுக்கும். தேவயானிக்கு அதைப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. கரண்டு பில்லில்கூட இதைவிட அதிக வரிகள் இருக்கும்.

ஆனால் பள்ளியின் பெயரில் அடிக்கிற நோட்டீஸுக்கு மேட்டர் கொடுப்பவர் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் பிச்சைமணி. அவரே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பள்ளியை ஆரம்பித்த தன் அப்பாவின் போட்டோ. மேலே நடுவில் அப்பா, வலப்பக்கம் தான், இடப்பக்கம் தன் மனைவி. கீழே பிள்ளைகள் வரிசையாக, சின்னதாக. கொம்பன் ஓரத்தில். அணியின் எண்ணுக்கு இடம் போதாமல் அது அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி, அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அந்தப் போட்டியில் ஒரு அணியைக் கூப்பிடுவதே எண்ணை வைத்துத்தான் என்பது பிச்சைமணிக்குத் தெரியாது. தேவயானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இட்லித் துண்டு பாடத்தில் அது வந்தது.

“மேட்டரு என்னம்மா இப்படி நோஞ்சானா இருக்கு?” என்றார் பிச்சைமணி. “இந்தப் போட்டியில கடைசி நிமிசத்துல கம்பியில ஏறித் தொங்குனா பெரிய மார்க்காமுல்ல. அதப் போடு. ‘உயரக் கம்பியில் அசுர வேகத்தில் ஏறும்’னு போடு.”

“ஏறுமா சார்?”

“ஏறும்மா. ஏறலைன்னா நாம ஏத்திவிட்ருவோம்.”

அவர் சிரித்தார். தேவயானியும் சிரித்தாள், அடித்தாள். சிங்கம் போடச் சொன்னால் போடுகிறவள், ஒரு கம்பி போடச் சொன்னதற்கு யோசிக்கவா போகிறாள்? புரூஃப் பிச்சைமணிக்குப் போனது. ‘ஓகே’யும் இரண்டு கட்டைவிரலும் வந்தன. மெஷின் ஓடியது.

போட்டி மதுரையில், ஒரு பொறியியல் கல்லூரியின் உள்ளரங்கில். நோட்டீஸ் கட்டோடு தேவயானியும் பள்ளி வேனில் போனாள். பொம்பளைப் பிள்ளைகளுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டுமென்று அண்ணன் கேட்டிருந்தான். வழியில் யாரும் கட்டைப் பிரிக்கவில்லை. கல்லூரி வாசலில் பிச்சைமணிதான் பிரித்தார். முகூர்த்த நாளில் மண்டப வாசலில் நிற்பவரைப்போல நின்று, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஒன்றைக் கொடுத்து, கும்பிட்டு உள்ளே அனுப்பினார்.

முதல் நாள் கொம்பன் நன்றாகவே ஆடியது. பக்கத்தில் பளபளப்பான வண்டிகள் சங்கிலி அறுந்தும், சக்கரம் சிக்கியும் நடுத்தரையில் மலைத்து நின்றபோது, இது மட்டும் உருளையைச் சுற்றிக்கொண்டு பந்து பந்தாகச் சேர்த்தது. அனுசுயா ரிமோட்டைப் பிடித்திருந்தபோது தேவயானி அவள் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் ஒரு தட்டைக் கழுவச் சொன்னால் மூன்று தடவை முனகும் பிள்ளை, இங்கே கண் இமைக்கக்கூட மறந்து நின்றது.

நோட்டீஸும் வேலை செய்தது. அதுதான் கொடுமை. சாயங்காலம் கொம்பனின் மேசைக்கு முன்னால் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள், திருச்சிப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் அந்தத் தாள். எல்லோரும் கேட்டது ஒன்றே.

“ஏறுமா?”

அனுசுயாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஒருவன் தாளைத் திருப்பி விரல் வைத்துக் காட்டியபோதுதான் அந்த வரியைப் பார்த்தாள். “ஏறாதுங்க. தப்பா விழுந்திருச்சு,” என்றாள். அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அடுத்த மேசைக்குப் போனான். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். அவர்களும் அப்படியே போனார்கள்.

மறுநாள் காலை அஜய்குமார் வந்தான். கோயம்புத்தூர் அணியின் தலைவன். மேலே வந்திருக்கும் அணி, நிச்சயம் கேப்டன். அவனுடைய ரோபோ பந்து போடும், ஆனால் ஏறாது. ஏறுகிற துணை தேடிக்கொண்டிருந்தான்.

“உங்க வண்டியத்தானுங்க நாங்க மொதல்ல கூப்புடலாம்னு இருக்குறோம். நேத்தெல்லாம் ஏன் ஏறவே இல்லீங்க? பைனல்ஸுக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்குறீங்களா?”

“இல்லீங்க. ஏறாது. ஏறவே ஏறாது.”

“அப்பறம் எதுக்குங்க போட்டிருக்குது?”

தேவயானிதான் குறுக்கே விழுந்தாள். “தம்பி, அது நோட்டீஸ்ல சும்மா போடுறது. எங்க ஊர்ப்பக்கம் எல்லாம் அப்படித்தேன் போடுவாக. யாரும் அதப் பெருசா எடுத்துக்கிற மாட்டாக.”

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். “அப்ப பந்து எண்ணிக்கை போட்டிருக்குதுங்களே அக்கா, அதுவும் சும்மா போட்டதுங்களா?”

“அய்யோ, அது நெசம்.”

“எது நெசம், எது சும்மான்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூடத் தேவயானியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவன்மேல் கோபம் வந்தது, ஒரு தாளில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் இதென்ன பிறவி என்று. ஆனால் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் தானே திரும்பி வந்தது. அவன் என்ன தப்புச் செய்தான்? எழுதியிருந்ததைப் படித்தான். படித்ததை நம்பி, விலாசம் விசாரித்து வந்தான்.

அவன் போனதும் அனுசுயா கருப்பு மார்க்கரை எடுத்து மேசையில் மிச்சமிருந்த தாள்களில் அந்த வரியை அடிக்கத் தொடங்கினாள். தேவயானியும் உட்கார்ந்தாள். தான் அச்சடித்த எழுத்தைத் தானே அடிப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை. நல்ல மை, நல்ல தாள். எவ்வளவு அழுத்தினாலும் கருப்புக்குக் கீழே எழுத்து பளபளவென்று தெரிந்தது.

பிச்சைமணி வந்து பார்த்துவிட்டார்.

“ஏய், என்ன பண்றீக? ஸ்கூல் பேர நாறடிக்கவா மதுரைக்குக் கூட்டிட்டு வந்தேன்? ஏத்தா அனுசுயா, கேக்குறவன்கிட்ட ஏறும்னு சொல்ல வேண்டியதுதான? மொதல்ல கூப்புடட்டும். கூப்புட்ட பெறகு மோட்டரு மக்கர் பண்ணிருச்சுன்னா எவன் என்ன பண்ண முடியும்?”

தேவயானி எழுந்தாள். மார்க்கர் கையிலேயே இருந்தது.

“சார், கூப்புட்ட பெறகு அந்தப் பையன் ஆடணும்ல சார்? இவள நம்பித்தான ஆடுவான்? கடைசி நிமிசத்துல கம்பிக்குக் கீழ போயி இந்த வண்டி முழிச்சிக்கிட்டு நின்னா அவன் இவள என்ன நெனப்பான்?”

“ஏம்மா, நீ பிரிண்டிங் வேலைக்கு வந்த ஆளு. அதோட இரு.”

“பிரிண்டிங் வேலைக்கு வந்ததுனாலதேன் கேக்குறேன். உங்க அப்பா போட்டோவ எம்புட்டுப் பெருசு வேணும்னாலும் கேளுங்க, போடுறேன். உங்கள ராசா மாதிரி ஒக்கார வைக்கச் சொல்லுங்க, ஒக்கார வைக்கிறேன். யாருக்கு என்ன போச்சு? ஆனா ஏறும்னு போட்டது உங்க வண்டியா சார்? நீங்களா ஓட்டுறீக? ராத்திரியெல்லாம் சைக்கிள் டியூப்ப வெட்டி ஒட்டுன பிள்ளைக ஒவ்வொருத்தன்கிட்டயும் ‘இல்லீங்க, பொய்யிங்க’ன்னு நேத்துலருந்து கையக் கட்டிக்கிட்டு நிக்குதுக. நீங்க அந்தா அங்கன காப்பி குடிச்சிட்டு இருந்தீக.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சைமணி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்கு ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்றபடி வெளியே போனார்.

பக்கத்து மேசை ராஜபாளையம் பக்கத்து ஒரு அரசுப் பள்ளி. அவர்களிடம் அச்சடித்தது எதுவும் கிடையாது. ஒரு சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மேசையில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் அணியின் எண். ‘பந்து போடும். சில சமயம் பந்து சிக்கும். கம்பியில் ஏறாது.’ அவ்வளவுதான். கையெழுத்துகூடக் கோணல். தேவயானி நேற்று அதைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருந்தாள்.

மதியத்துக்குப் பிறகு துணை அணிகளின் தேர்வு. கேப்டன்கள் நடுவில் நின்று, ஒருவர் பின் ஒருவராக மைக்கை வாங்கி, தங்களுக்கு வேண்டிய அணியின் எண்ணைச் சொன்னார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூலையிலிருந்து கூச்சல் கிளம்பியது. ஏறக்கூடிய ரோபோக்கள் முதலிலேயே போய்விட்டன. அஜய்குமாரின் முறை வந்தபோது ஏறுகிறது எதுவும் மிச்சமில்லை. இனி அவனுக்குத் தேவை பந்து போடுகிற துணைதான். அனுசுயா எழுந்தே நின்றுவிட்டாள். கொம்பனை அவன் நேற்று முழுக்கப் பார்த்திருக்கிறான். அவனே சொன்னான்.

அவன் ராஜபாளையத்துப் பிள்ளைகளின் எண்ணைச் சொன்னான்.

சில சமயம் பந்து சிக்கும் என்று அட்டையிலேயே எழுதிவைத்த வண்டி. கொம்பன் போட்டதில் பாதிகூடப் போடாத வண்டி. அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அனுசுயா மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்கு அவர்கள்மேல் பொறாமை வந்ததாகத் தேவயானிக்குத் தெரியவில்லை. பொறாமைப்படவும் இடம் கொடுக்காத தோல்வி அது. கூட்டம் கலைந்த பிறகு துணியை எடுத்துக் கொம்பனின் சக்கரத்தைத் துடைத்தாள், அதில் அழுக்கே இல்லை.

உசிலம்பட்டி தாண்டி வேன் கணவாய் ஏறும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அனுசுயா சொன்னாள். “நீ அடிக்கிறப்ப எனக்கு ஒரு போன் போட்ருக்கலாம்ல அத்தை.”

“அவருதான்டி மேட்டரு குடுத்தாரு. அவருதான் ஓகே சொன்னாரு.”

“வண்டி யாரு செஞ்சா?”

தேவயானி மடியிலிருந்த மிச்ச நோட்டீஸ்களை எடுத்துக் காலடியில் தள்ளிவைத்தாள்.

திங்கட்கிழமை கடையில் வாட்ஸ்அப் திறந்தால் பிச்சைமணியின் மேட்டர் காத்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் கட்ட ஒரு பெரிய பிளெக்ஸ். ‘மாநில அளவிலான ரோபோ போட்டியில் மகத்தான சாதனை படைத்துத் திரும்பிய எம் பள்ளிச் செல்வங்களே!’ அப்பா நடுவில். தான் வலப்பக்கம். தேவயானி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, இத நான் அடிக்க மாட்டேன்.”

நாகராஜ் வெற்றிலை மென்றபடி எட்டிப் பார்த்தார். “ஏன், என்ன வந்துச்சு? ஊர்ல எவன் உண்மைய அடிக்கிறான்? போன வாரம் அந்தக் கீரைக்கடைக்காரன ‘மாவீரன்’னு நீதான அடிச்ச?”

“மாவீரன்னு போட்டா அவரு வாள எடுத்துட்டு வருவாருன்னு யாரும் காத்துக் கெடக்கலண்ணே. மாப்பிள்ளைக்குப் பின்னாடி சிங்கத்தப் போட்டா, சிங்கம் எங்கன்னு கேட்டு மண்டபத்துக்கு யாரும் வர்றதில்ல. ஆனா அந்தக் கொம்பன் நோட்டீஸப் படிச்சிட்டு ஒரு பையன் வந்து கேட்டான்ணே, ஏறுமான்னு. நம்ம அடிச்சதப் படிச்சிட்டு. நானே பாத்தேன்.”

“அதுக்கு?”

“அதுக்கு, பிள்ளைக சம்பந்தப்பட்ட மேட்டரு எதுவா இருந்தாலும் பிள்ளைக ஓகே சொல்லணும். இல்லைன்னா நீங்களே அடிச்சுக்கோங்க.”

நாகராஜுக்கு அடிக்கத் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே வேலையைத் தேனியில் ஒரு கடைக்குத் தள்ளிவிட்டார். பிளெக்ஸ் பஸ் ஸ்டாண்டில் ஏறத்தான் செய்தது. முடியோரத்தில் வெள்ளைக் கோட்டோடு வெட்டிய முகங்கள். அனுசுயா டவுன் பஸ் ஏறும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் நிற்பாள். தேவயானி அதை எப்போதோ கிழித்துப் போட்டிருப்பாள், பிள்ளைகளின் முகம் அதில் இருக்கிறதே என்று விட்டாள்.

முழுப் பரீட்சைக்கு முன்னால் திருச்சியில் இன்னொரு போட்டி என்று தகவல் வந்தது. அனுசுயா பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அணியின் எண்ணை மேலே கொண்டுவந்தார்கள், பெரிதாக. கொம்பனின் படம் நடுவில். பிச்சைமணியின் அப்பா இல்லாமல் பள்ளி அனுப்பாது என்பதால் அவருக்குப் பின்பக்கத்தில் ஒரு மூலை.

பாதி வேலையில் பிச்சைமணியின் போன். பழையதை எல்லாம் மறந்துவிட்ட குரல். “ஏம்மா, அந்தக் கம்பி விசயத்தையும் சேத்துரு. திருச்சி போறதுக்குள்ள பயலுக ஏறுற மாதிரி பண்ணிருவாங்க.”

“ஏறுன அன்னைக்கு ஒரு போன் போடுங்க சார். அன்னைக்கே அடிச்சுத் தாரேன்.”

வைத்துவிட்டாள். நாகராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். தேவயானி மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பி, மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே ஒரு வரி கொள்ளும். இடம் வெறுமையாகக் கிடப்பது அவளுக்குப் பிடிக்காது. ‘ஆடுகளத்தில் ஒருபோதும் நிற்காது’ என்று அடித்தாள்.

“அத எடுத்துரு அத்தை.”

“ஏண்டி? மதுரையில நான்தான் பாத்தேன்ல. எல்லா வண்டியும் நின்னுச்சு, இது நிக்கல.”

“ஸ்கூல்ல ஓட்டிப் பாத்தப்ப ஒரு தடவ பேட்டரி ஒயரு கழண்டு நின்னுச்சு.”

“ஒரு தடவ நின்னதெல்லாம் ஒரு கணக்காடி? யாருக்குடி தெரியப் போகுது?”

“நின்னுச்சுல்ல.”

தேவயானிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல வரி அது. பார்க்க எடுப்பாகவும் இருந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தாள். அனுசுயா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, மதுரையில் ரிமோட்டைப் பிடித்திருந்தபோது நின்றதுபோலவே.

“உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு,” என்றபடி தேவயானி வரியை அழித்தாள். அந்த இடம் வெறுமையாகவே மெஷினுக்குப் போனது.